கூலி என்றைக்கு வரும்?

இரண்டு வயது நிரம்பாத குழந்தையை நிற்கவைத்து அளக்கக் கூடாது, படுக்கவைத்துத்தான் அளக்க வேண்டும். அதற்கென்று ஒரு பலகை உண்டு. ஒரு முனையில் அசையாத தலைப்பலகை, மறு முனையில் நகரும் பாதப்பலகை, பக்கவாட்டில் சென்டிமீட்டர் கோடுகள். தலைமாட்டில் ஒருவர் மண்டியிட்டு, குழந்தையின் இரு காதுகளையும் பொத்தினாற்போலப் பிடித்து, உச்சந்தலை பலகையைத் தொடும்படி வைத்துக்கொள்வார். கால்மாட்டில் இருப்பவர் ஒரு கையால் முழங்கால்களை மெல்ல அழுத்தி, மறு கையால் பாதப்பலகையை உள்ளங்காலில் ஒட்டும்வரை நகர்த்துவார். எந்தக் குழந்தைக்கும் இது பிடிப்பதில்லை. வீறிட்டு அழும், உடம்பை வில்லாக வளைக்கும், கால்களை உதைத்து மடக்கிக்கொள்ளும். அழுகைக்கு நடுவே மூச்சு வாங்க நிற்கும் ஒரு நொடியில் அளவைப் படித்துவிட வேண்டும், மில்லிமீட்டர் பிசகாமல்.

வீடு வீடாகச் சென்று குழந்தைகளை அளக்கும் இந்த வேலையைப் பல வருடங்கள் செய்தேன். பெரும்பாலான வீடுகள் மறந்துவிட்டன. ஒரு வீடு மட்டும் மறக்கவில்லை. பதினெட்டு மாதப் பெண் குழந்தை. உப்பிய கன்னம், துறுதுறுவென்ற கண்கள். பார்த்த மாத்திரத்தில் யாரும் இந்தக் குழந்தைக்கு ஒரு குறை இருக்கிறது என்று சொல்லமாட்டார்கள். பாதப்பலகை 73.6 சென்டிமீட்டரில் நின்றது. எனக்கு நம்பிக்கை வரவில்லை. குழந்தையை எடுத்துச் சமாதானப்படுத்தி, மறுபடியும் கிடத்தி அளந்தோம். அதே 73.6.

உலக சுகாதார நிறுவனத்தின் அட்டவணைப்படி, பதினெட்டு மாதப் பெண் குழந்தையின் நடு அளவு 80.7 சென்டிமீட்டர். 74.9க்குக் கீழே போனால் வளர்ச்சி குன்றியதாகக் கணக்கு. பன்னிரண்டு மாதத்துக்கு நடு அளவு 74.0. அதாவது இந்தக் குழந்தைக்கு வயது ஒன்றரை, நீளம் ஒரு வயதுக் குழந்தையின் நீளத்தைவிடவும் சற்றுக் குறைவு. பிறந்த நாளைச் சொல்லாமல் காட்டினால் ஒரு வயதுக்கு நல்ல வளர்ச்சி என்றுதான் எவரும் சொல்லியிருப்பார்கள். வளர்ச்சிக் குன்றலின் கொடுமையே இதுதான். மெலிந்த குழந்தையைப் பார்த்தால் அடுத்த வீட்டுக்காரர் பதறுவார். குள்ளமான குழந்தையைப் பார்த்தால் கொஞ்சிவிட்டுப் போவார்.

நான் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டிருந்தபோது அந்த அம்மாவே சொன்னாள்: "எங்கள் குடும்பத்தில் எல்லோரும் குள்ளம்தான் அக்கா. இவளுடைய அப்பாவும் குள்ளம், நானும் குள்ளம்."

நான் பயிற்சியில் கற்றதை ஒப்பித்தேன். ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும், அதன்பின் தாய்ப்பாலோடு திட உணவு, தினமும் பல வகை இருக்க வேண்டும், முட்டை கொடுங்கள், பால் கொடுங்கள், பருப்பும் பழமும் காய்கறியும் கொடுங்கள். அவள் குறுக்கிடாமல் கேட்டாள். முடித்ததும், "இதெல்லாம் எனக்குத் தெரியும் அக்கா. கூலி வந்த வாரம் நீங்கள் சொன்னதெல்லாம் கொடுக்கிறேன். வராத வாரம் நாங்கள் சாப்பிடுவதையே கரைத்துக் கொடுக்கிறேன்" என்றாள்.

வேறொன்றும் சொல்லவில்லை. கோபமும் இல்லை. ஆனால் நான் கேட்டுக்கொண்டிருந்த கேள்விகள் எல்லாமே தவறு என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. என்ன கொடுக்கிறீர்கள் என்று வீடு வீடாகக் கேட்டேன். கூலி என்றைக்கு வரும், வராவிட்டால் முதலில் எதை நிறுத்துவீர்கள் என்று ஒரு வீட்டிலும் கேட்கவில்லை.

முதலில் அந்தக் குள்ளக் குடும்பம் பற்றிச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் படித்தவர்களும் இதையே சொல்லிக் கேட்டிருக்கிறேன். 1997 முதல் 2003 வரை உலக சுகாதார நிறுவனம் பிரேசில், கானா, இந்தியா, நார்வே, ஓமன், அமெரிக்கா ஆகிய ஆறு நாடுகளில் எட்டாயிரத்துக்கும் மேற்பட்ட குழந்தைகளை அளந்தது. தாய்ப்பால் குடித்த, புகைப்பழக்கம் இல்லாத தாய்மாருக்குப் பிறந்த, வளர்ச்சிக்குத் தடையில்லாத வீடுகளில் வளர்ந்த குழந்தைகளாகத் தேர்ந்தெடுத்தார்கள். நாட்டுக்கு நாடு நீளம் ஏறக்குறைய ஒன்றாகவே இருந்தது. மொத்த வேறுபாட்டில் சுமார் 3 சதவீதம்தான் நாடுகளுக்கு இடையிலானது, 70 சதவீதம் ஒரே இடத்தில் வாழும் தனித்தனிக் குழந்தைகளுக்கு இடையிலானது. 2006இல் வெளியான வளர்ச்சி அட்டவணைகள் இதன் மேல் எழுந்தவை. ஒரு குழந்தை தன் பெற்றோரைப் போலக் குட்டையாக இருக்கலாம், அதில் நோய் எதுவும் இல்லை. ஆனால் ஒரு பகுதியில் மூன்றில் ஒரு குழந்தை அந்த எல்லைக் கோட்டுக்குக் கீழே இருந்தால் அதற்குப் பரம்பரையைக் காரணம் சொல்ல முடியாது. அந்தத் தாய் குள்ளமாக இருந்ததற்கும் அவள் பிறந்த வீட்டின் வறுமை காரணமாக இருந்திருக்கலாம். குட்டையான, இரத்தசோகை உள்ள தாய்க்கு எடை குறைந்த குழந்தை பிறக்க வாய்ப்பு அதிகம். அந்தக் குழந்தை பிறக்கும்போதே பின்தங்கித்தான் தொடங்குகிறது. பாட்டி பட்ட பசி பேத்தியின் நீளத்தில் வந்து நிற்கிறது.

பிறக்கும்போது குழந்தை சுமார் 50 சென்டிமீட்டர். முதல் வருடத்தில் 25 சென்டிமீட்டர் வளர்கிறது, இரண்டாம் வருடத்தில் அதில் பாதி. வாழ்நாளில் வேறெந்த இரண்டு வருடமும் இப்படி வராது. அந்த வளர்ச்சியும் ஒரே சீராக நடப்பதில்லை. 1992இல் மிஷேல் லாம்பல் என்ற மானுடவியலாளரும் உடன் ஆய்வாளர்களும் கைக்குழந்தைகளை அடுத்தடுத்து அளந்து பார்த்து, பெரும்பாலான நாட்களில் குழந்தை வளர்வதே இல்லை, திடீரென ஒரு நாள் தாவி வளர்கிறது, மறுபடியும் நிற்கிறது என்று எழுதினார்கள். இதைப் படித்ததிலிருந்து, அந்தத் தாவல் நாட்களில் வீட்டில் என்ன இருந்திருக்கும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை.

வருமானம் குறைவு என்பது ஒரு பிரச்சினை. வருமானம் ஒழுங்காக வராதது வேறொரு பிரச்சினை, கைக்குழந்தை இருக்கும் வீட்டில் இரண்டாவதுதான் அதிகம் கடிக்கிறது என்பது என் எண்ணம். மாதக் கணக்கில் கூட்டிப் பார்த்தால் ஓரளவு போதும் என்று தோன்றும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்தப் பணம் ஒரு வாரம் வரும், இரண்டு வாரம் வராது. வராத வாரங்களில் கடன் வாங்குவார்கள். வந்த வாரத்தில் கடனுக்கும் வட்டிக்கும் கொடுத்தது போக மீதிதான் சமையலுக்கு. பெரியவர்கள் ஒரு வேளையைத் தள்ளிப்போடலாம், வயிற்றை இறுக்கிக் கட்டிக்கொள்ளலாம். எலும்பின் முனையில் இருக்கும் வளர்ச்சித் தகட்டுக்கு அப்படிக் காத்திருக்கத் தெரியாது. சத்து குறைந்தாலும் நோய் வந்தாலும் உடல் முதலில் உயிரைக் காக்கிறது, நீள வளர்ச்சியை நிறுத்திவைக்கிறது.

பணம் குறையும்போது வீட்டில் முதலில் நிற்பது எது என்பதை யோசித்துப் பாருங்கள். தானியம் நிற்காது. வயிற்றை நிரப்ப மலிவான வழி அதுதான். நிற்பது பால், முட்டை, மீன், பழம், காய். குழந்தையின் வளர்ச்சிக்கு வேண்டிய புரதமும் துத்தநாகமும் இரும்பும் வைட்டமின்களும் அதிகம் இருப்பது அவற்றில்தான். 1997-98 பொருளாதார நெருக்கடியின்போது இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவில் நடந்தது இதற்குச் சாட்சி. அரிசி விலை ஏறியது, குழந்தைகளின் எடை குறையவில்லை. ஆனால் அவர்களின் இரத்தத்தில் ஹீமோகுளோபின் இறங்கியது, தாய்மார் மெலிந்தார்கள். குழந்தையின் தட்டு நிறைந்துதான் இருந்தது. அந்த நிறைவுக்குத் தாய் தன் பங்கைக் கொடுத்தாள், குழந்தை சத்தைக் கொடுத்தது. எடை பார்க்கும் தராசில் இதில் எதுவும் தெரியாது.

கைக்குழந்தையின் இரைப்பை மிகச் சிறியது. உடல் எடையில் ஒரு கிலோவுக்குச் சுமார் 30 மில்லிலிட்டர்தான் கொள்ளும். எட்டு கிலோ குழந்தை என்றால் ஒரு டம்ளர் அளவு. அந்த ஒரு டம்ளரைத் தண்ணீராகக் கரைத்த மாவு நிரப்பிவிட்டால் குழந்தை திருப்தியாகத் தூங்கிவிடும், அழாது. அழாத குழந்தைக்குப் பசி இல்லை என்றுதான் எந்த வீட்டிலும் நினைப்பார்கள். அந்த அம்மா "கரைத்துக் கொடுக்கிறேன்" என்று சொன்னதில் இவ்வளவும் அடங்கியிருந்தது.

நேரமும் பணம்தான். பிரசவமான சில வாரங்களில் கூலி வேலைக்குத் திரும்பியாக வேண்டிய பெண்ணால் ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடுக்க முடியாது. சம்பளத்தோடு விடுப்பு இல்லாதவர்களுக்கு அந்த அறிவுரை காகிதத்தில்தான் இருக்கும். குழந்தையை எட்டு வயது அக்காவோ கண் மங்கிய பாட்டியோ பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் அன்பில் குறைவில்லை. ஆனால் சின்னக் குழந்தைக்கு ஒரு நாளைக்கு நாலைந்து முறை, ஒவ்வொரு கவளமாக, பொறுமையாக ஊட்ட வேண்டும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அந்தப் பொறுமை இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பதே அநியாயம்.

அடுத்தது நோய். ஒன்பது ஆய்வுகளின் தரவுகளைச் சேர்த்துப் பார்த்து 2008இல் வெளியான ஆய்வு, இரண்டு வயதில் காணப்படும் வளர்ச்சிக் குன்றலில் 25 சதவீதத்தை, அதுவரை வந்த ஐந்தோ அதற்கு மேலோ வயிற்றுப்போக்குகளோடு தொடர்புபடுத்தியது. வயிற்றுப்போக்கு வெளியே தெரியாத நாட்களிலும் அழுக்கான தண்ணீரும் மலக் கிருமிகளும் குடலின் உட்சுவரை அரித்துக்கொண்டே இருக்கின்றன. சத்தை உறிஞ்ச வேண்டிய, விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள் தட்டையாகிவிடுகின்றன. கொடுத்த முட்டையும் பாலும் முழுதாக உடம்பில் சேராது. ஏழை வீட்டில் பாதி உணவு கிடைப்பதில்லை, கிடைத்ததிலும் ஒரு பங்கு வீணாகிறது. போதாததற்கு ஒவ்வொரு நோயும் மருந்துச் செலவையும் ஒரு நாள் கூலி இழப்பையும் கூடவே கொண்டுவருகிறது. அடுத்த வார உணவு அதில் போய்விடுகிறது.

ஒரு கழிப்பறையும் கொஞ்சம் குளோரினும் சோப்பும் கொடுத்தால் சரியாகிவிடும் என்று பலரும் நம்பினோம். நானும் நம்பினேன். 2018, 2019இல் வங்கதேசம், கென்யா, ஜிம்பாப்வே மூன்று நாடுகளிலும் நடந்த பெரிய ஆய்வுகளின் முடிவுகள் வந்தன. இவற்றைக் கொடுத்த வீடுகளில் குழந்தைகளின் நீளம் கூடவில்லை. என்னை மிகவும் வாட்டிய செய்தி அது. கழிப்பறை வேண்டாம் என்று அதற்குப் பொருள் இல்லை. மண் தரை, வாசலில் கோழி, தூரத்தில் தண்ணீர் என்று வாழும் வீட்டுக்கு ஒரு துண்டு வசதியைக் கொடுத்துவிட்டு, வசதியான வீட்டுக் குழந்தையின் வளர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. முட்டைக்கும் இதே கதைதான். ஈக்வடாரில் ஆறு மாதம் தினமும் ஒரு முட்டை கொடுத்தபோது வளர்ச்சிக் குன்றல் கிட்டத்தட்டப் பாதியாகக் குறைந்தது. 2017இல் அந்த முடிவு வந்தபோது நாங்கள் துள்ளிக் குதித்தோம். அதையே மலாவியில் செய்து பார்த்தபோது நீளத்தில் மாற்றம் தெரியவில்லை.

அப்படியானால் நாடு பணக்கார நாடாக வேண்டும், மற்றது தானாக நடக்கும் என்பார்கள். 36 நாடுகளின் கணக்கெடுப்புகளை ஆராய்ந்து 2014இல் வந்த ஒரு கட்டுரை, தேசிய வருமானம் கூடுவதற்கும் குழந்தைகளின் வளர்ச்சிக் குன்றல் குறைவதற்கும் தொடர்பு மிகச் சிறியது என்று காட்டியது. நாட்டின் வருமானம் கூடியது அந்த அம்மாவின் வீட்டுக்கு வந்து சேர்ந்ததா என்பதுதான் கேள்வி. பிரேசிலில் வந்து சேர்ந்தது. அங்கே 1974-75இல் ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் 37 சதவீதம் பேர் வளர்ச்சி குன்றியிருந்தார்கள், 2006-07இல் 7 சதவீதம். ஏழைக் குடும்பங்களின் வாங்கும் சக்தி உயர்ந்தது, பெண்கள் படித்தார்கள், மருத்துவமும் குடிநீரும் பரவின. இவை ஒன்றாக நடந்தன. பெரு 2008இல் 28 சதவீதத்தில் இருந்து எட்டே வருடங்களில் 13க்கு இறங்கியது. ஒரு தலைமுறைகூட வேண்டியிருக்கவில்லை.

பணம் யார் கைக்கு வருகிறது என்பதும் முக்கியம். தென்னாப்பிரிக்காவில் முதியோர் ஓய்வூதியம் கறுப்பின மக்களுக்கும் விரிவடைந்தபோது என்ன நடந்தது என்று பொருளாதார அறிஞர் எஸ்தர் டுஃப்லோ ஆராய்ந்தார். பாட்டி ஓய்வூதியம் வாங்கிய வீடுகளில் பேத்திகளின் உடல்நிலை தெளிவாக மேம்பட்டது. தாத்தா வாங்கிய வீடுகளில் அப்படி ஒரு மாற்றம் தெரியவில்லை. ஆண்களைக் குறை சொல்ல இதை எழுதவில்லை. அடுப்படியில் என்ன இல்லை என்பது யாருக்குத் தெரியுமோ அவர் கையில் பணம் இருந்தால் அது தட்டுக்கு வருகிறது. மெக்சிகோவில் 1997இல் தொடங்கிய உதவித்தொகைத் திட்டம் பணத்தைத் தாயிடமே கொடுத்தது. மிக ஏழைக் குடும்பங்களில், திட்டம் தொடங்கும்போது ஆறு மாதம் நிரம்பாத குழந்தைகள், பிந்திச் சேர்ந்தவர்களைவிட இரண்டு வருடத்தில் 1.1 சென்டிமீட்டர் கூடுதலாக வளர்ந்தார்கள். ஒரு சென்டிமீட்டர்தானே என்று நினைக்க வேண்டாம். அந்தப் பெண் குழந்தைக்கும் எல்லைக் கோட்டுக்கும் இடையே இருந்ததும் 1.3 சென்டிமீட்டர்தான்.

காலம் தவறினால் என்ன ஆகும் என்பதை ஜிம்பாப்வேயின் 1994-95 வறட்சி காட்டுகிறது. ஒன்றிலிருந்து இரண்டு வயதுக்குள் அந்த வறட்சியில் சிக்கிய குழந்தைகள் ஒன்றரை முதல் இரண்டு சென்டிமீட்டர் வளர்ச்சியை இழந்தார்கள், ஏழை வீட்டுக் குழந்தைகள் நான்கு வருடம் கழித்தும் அதை ஈடு செய்யவில்லை. மழை மறுவருடம் பெய்துவிட்டது. விளைச்சல் திரும்பியது. குழந்தையின் உயரம் திரும்பவில்லை.

உயரம் குறைந்தால் என்ன, குள்ளமானவர்கள் நன்றாக வாழவில்லையா என்று கேட்டால், வாழ்கிறார்கள். உயரம் ஓர் அடையாளம் மட்டுமே. எலும்பின் வளர்ச்சியைத் தடுத்த பற்றாக்குறை அதே மாதங்களில் மூளையையும் தொட்டிருக்கும் என்பதுதான் கவலை. குவாதமாலாவில் 1969 முதல் 1977 வரை சில கிராமங்களில் குழந்தைகளுக்குச் சத்துப் பானம் கொடுத்தார்கள். பிறந்த முதல் இரண்டு வருடங்களில் அதைக் குடித்த ஆண்கள் வளர்ந்து பெரியவர்களானபோது மணிக்கு 46 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். யோசித்தால் நெஞ்சு கனக்கிறது. ஒரு வீட்டின் குறைந்த கூலி குழந்தையின் வளர்ச்சியைக் குறைக்கிறது, அந்தக் குழந்தையின் கூலி பின்னாளில் குறைகிறது, அவளுடைய குழந்தைக்கும் அதே பலகையில் அதே அளவு வருகிறது.

உலகில் இன்று ஐந்து வயதுக்கு உட்பட்டவர்களில் சுமார் 15 கோடிக் குழந்தைகள் இப்படி இருக்கிறார்கள்.

ஆறு மாதம் கழித்து அதே வீட்டுக்கு மறுபடியும் போனேன். அந்த அம்மா என்னை அடையாளம் கண்டுகொண்டாள். அளந்து முடித்ததும், "இனிமேல் எட்டிப் பிடித்துவிடுவாளா அக்கா?" என்று கேட்டாள். பொய் சொல்ல மனம் வரவில்லை. உயரத்தில் முழுதாக எட்டிப் பிடிப்பது கடினம், ஆனால் எல்லாம் முடிந்துவிடவில்லை என்றேன். ஜமைக்காவில் 1986-87இல் வளர்ச்சி குன்றிய 129 குழந்தைகளைச் சேர்த்து நடந்த ஆய்வைப் பற்றி எனக்குத் தெரிந்த அளவுக்குச் சொன்னேன். அவர்களில் ஒரு பகுதியினரின் வீடுகளுக்கு வாரம் ஒருமுறை சுகாதாரப் பணியாளர் போய், குழந்தையோடு எப்படிப் பேசுவது, எதை வைத்து விளையாடுவது என்று தாய்க்குக் காட்டினார். இரண்டு வருடம் அப்படிச் செய்தார்கள். இருபது வருடம் கழித்து அந்தக் குழந்தைகள் மற்றவர்களைவிட 25 சதவீதம் அதிகம் சம்பாதித்தார்கள். அவள் குழந்தையைத் திரும்பிப் பார்த்தாள். குழந்தை பலகையின் அருகே உட்கார்ந்து, பாதப்பலகையை முன்னும் பின்னும் தள்ளி, அது மரத்தில் உரசும் சத்தத்தைக் கேட்டுச் சிரித்துக்கொண்டிருந்தது.

குறிப்பேட்டை மூடிவிட்டு நானும் தரையில் உட்கார்ந்தேன். "கூலி என்றைக்கு வரும் அம்மா?" என்று கேட்டேன்.

அவள் விரல்விட்டு எண்ணத் தொடங்கினாள்.